முறைமைக் கோப்பும் மூலப்படியும்

ஓலைச்சுவடிகளைப் பெயர்த்தெழுதிய காலத்தே கைப்பிழையாலும் செல்லரிப்பாலும் பாடம் திரிதல் இயல்பாயிருந்தது. திரிந்த பாடத்தைத் திருத்தப் புகுந்தோர் பிறிதொரு நற்படியைத் தேடி ஒப்புநோக்கினர். இற்றைநாள் வீட்டுக் கணினிக்கும் அத்தகைய இடரே நேர்கின்றது. பழங்கணினியொன்று தொடங்க மறுத்தற்கும் இடையிலே நின்றுவிடுதற்கும் அதனை இயக்கும் முறைமைக் கோப்புகளின் சிதைவு பலகாற் காரணமாகும். அச்சிதைவை நீக்கும் முறைகளின் வரலாற்றை ஆராய்வார்க்கு ஓருண்மை புலனாகும்: பழுதற்ற மூலமொன்று காக்கப்பட்டாலன்றித் திருத்தம் இயலாது.

ஐக்கிய அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய கணித அறிஞர் றிச்சாட் ஹமிங் என்பார், வார இறுதியில் ஆளில்லாது இயங்கிய கணினி பிழை கண்டவிடத்துத் தம் கணக்கைக் கைவிட்டு அடுத்த கணக்குக்குச் செல்லுதல் கண்டு வருந்தினார். பிழையுண்டென அறியும் பொறி, அஃது எவ்விடத்ததென அறிந்து தானே திருத்தலாகாதோ என வினவினார். அவர் 1950 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இதற்கு விடை தந்தது. நான்கு துவித இலக்கங்களோடு மூன்று சரிபார்ப்பு இலக்கங்களைச் சேர்ப்பின், அவ்வேழனுள் யாதாயினும் ஒன்று பிறழினும் அதனைக் கண்டு திருத்தலாம். எனினும், சிறு பிறழ்ச்சிக்கே இம்முறை உதவும். முழுக்கோப்பே கெடுமாயின் முழுப்படியே வேண்டும்.

வீட்டுக் கணினிகள் பெருகிய பின்னர் இத்தேவை வெளிப்பட்டது. மைக்றோசொவ்ற் நிறுவனத்தின் விண்டோஸ் முறைமையிற் பல மென்பொருள்கள் சில கோப்புகளைப் பொதுவிற் பயன்படுத்தின. புதிதாக நிறுவப்படும் மென்பொருள், தான் கொணர்ந்த பழம்பதிப்பைப் புதிய பதிப்பின்மேல் எழுதிவிட, ஏனையவை முடங்கின. இவ்வவலத்தை 'டீ.எல்.எல். நரகம்' எனப் பலரும் இகழ்ந்தனர். 1998 இல் வெளிவந்த விண்டோஸ் 98 முறைமையிற் கோப்புகளைச் சோதிக்கும் கருவியொன்று இடம்பெற்றது. மாறிய கோப்பைக் கண்டறிந்து, நிறுவல் வட்டிலிருந்து நற்படியை எடுத்து வைத்தல் அதன் தொழில். வட்டுத் தொலைந்தவர்க்கு அதனாற் பயனில்லை.

விண்டோஸ் 2000 இக்குறையை ஒருவாறு நீக்கியது. முதன்மையான கோப்புகளின் படிகளை ஒரு மறைகோப்புறையில் வைத்து, மாற்றப்பட்டவற்றை உடனுக்குடன் மீட்டது. ஆயினும், மூலமும் படியும் ஒரே வன்தட்டிலிருந்தமையால் தட்டுச் சிதையின் இரண்டும் அழியும். 2007 இற் பொதுமக்கள் கைக்கு வந்த விஸ்ரா, அக்கோப்புகளை நிருவாகியும் நேரே மாற்றாவண்ணம் காத்தது. 2012 இல் வந்த விண்டோஸ் 8 இன் 'டிஸ்ம்' கட்டளையோ, கணினியிலுள்ள களஞ்சியமே பழுதுற்றவிடத்து இணையவழி நற்படியைப் பெற்றுக் களஞ்சியத்தைத் திருத்த வல்லதாயிற்று.

திருத்தும் ஒழுங்கும் இவ்வரலாற்றிலிருந்தே பெறப்படும். முதற்கண், உடையவரின் ஆவணங்களை வேறொரு தட்டிற் படியெடுத்தல் வேண்டும். பின்னர் வன்தட்டைச் சோதித்து, 'டிஸ்ம்' கட்டளையாற் களஞ்சியத்தைச் சீர்செய்து, இறுதியிலேயே 'எஸ்.எப்.சி.' கட்டளையை ஏவுதல் தகும். களஞ்சியம் பழுதாயிருக்க அதிலிருந்து எடுக்கும் கோப்பு எங்ஙனம் நன்றாகும்? திருத்திய பின்னரும் சிதைவு மீண்டும் மீண்டும் தோன்றுமாயின், குற்றம் கோப்பினதன்று. தேய்ந்த வன்தட்டோ, பழுதுற்ற நினைவகமோ, மின்சாரம் திடீரெனத் தடைப்படுதலோ காரணமாகலாம்.

விண்டோஸ் 10 முறைமைக்கான பொது ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 இல் முடிவுற்றது. அடுத்த பதிப்பை ஏற்கும் தகைமையற்ற பழங்கணினிகள் பல இன்னும் இல்லங்களில் உள. அவற்றின் முறைமைக் கோப்பொன்று கெடின், அதனையொத்த படிகள் உலகெங்கும் எண்ணிறந்தன. ஆனால் மாணவன் எழுதிய ஆய்வுரைக்கும், மறைந்த தந்தையின் கடிதத்துக்கும், குடும்பத்தின் நிழற்படங்களுக்கும் வேறு படியில்லை. மேற்கூறிய கருவிகளுள் எதுவும் அவற்றை மீட்காது. அவற்றுக்கு நற்படி வைத்தல் உடையவர் கடனேயாம்.