எலும்புதானே உடைஞ்சது, தசை ஏன் கரையுது?

கால் முறிந்து படுத்திருக்கும் அப்பாவுக்கு ஜிம் கடையில் விற்கும் எல்-கார்னிடின் வாங்கித் தரலாமான்னு கேக்கறீங்க. பதிலுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு. நீளமான இழைதான், பொறுத்துக்கோங்க.

1920களின் கடைசி, கிளாஸ்கோ. டேவிட் கத்பர்ட்சன் என்ற உயிர்வேதியியலாளர், கால் எலும்பு முறிந்தவர்களின் சிறுநீரை நாள்கணக்கில் சேகரித்து அளந்தார். எலும்பு சம்பந்தப்பட்ட கால்சியம், பாஸ்பரஸ் கணக்கோடு நைட்ரஜனையும் பார்த்தார். அதுதான் அள்ளிக்கொண்டு போயிருந்தது! நைட்ரஜன் போகுதுன்னா புரதம் போகுதுன்னு அர்த்தம். கூடவே போன கந்தகத்தின் விகிதத்தைப் பார்த்தால், கரைவது தசை.

படுத்தே கிடப்பதால் இருக்குமோ? ஆரோக்கியமானவர்களைப் படுக்க வைத்தும் அளந்தார். இழப்பு இருந்தது, ஆனா இந்த அளவுக்கு இல்லை. அப்போ காயமேதான் மொத்த உடம்பையும் மாற்றுகிறது. 1942இல் இதைக் கடலோடு ஒப்பிட்டார்: அடிபட்டதும் வளர்சிதைமாற்றம் வற்றும், பிறகு பெருகும். அந்தப் பெருக்கில்தான் தசை கரையும்.

கார்னிடின் கதை தனி. 1905இல் ரஷ்ய விஞ்ஞானிகள் இறைச்சிச் சாற்றிலிருந்து பிரித்தார்கள். எதுக்குன்னு பல வருஷம் யாருக்கும் தெரியாது. துப்பு கிடைச்சது மாவுப்புழுவிடம்! அது வளர இந்தப் பொருள் கட்டாயம் தேவைப்பட்டது. 1955இல் இர்விங் ஃபிரிட்ஸ், கார்னிடின் இருந்தால் கல்லீரல் கொழுப்பை வேகமாக எரிப்பதைக் காட்டினார். நீண்ட கொழுப்பு அமிலங்கள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைய இதுதான் டிக்கெட்.

பிறகு இரண்டு கதையும் சேர்ந்தன. பெரிய காயம், அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிறுநீரில் கார்னிடினும் அதிகமாகப் போவது தெரிந்தது. அதைத் திருப்பிக் கொடுத்தால் உடம்பு கொழுப்பை எரிக்கும், தசை தப்பிக்கும்... கேட்க அழகான லாஜிக். ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை.

ஏன்னா, வெளியே போறது வேற, உள்ளே பற்றாக்குறை வேற. கார்னிடினில் 95%க்கு மேல் தசையில்தான் இருக்கு. கல்லீரலும் சிறுநீரகமும் புதிதாகத் தயாரிக்கவும் செய்யும். பிறவிக் குறைபாடு, நீண்டகால டயாலிசிஸ், வால்ப்ரோயேட் மாத்திரையால் வரும் சிக்கல் என்றால் அது மருந்து. டாக்டர் எழுதித் தருவார்.

சாதாரண எலும்பு முறிவுக்கு அந்த டப்பா வேண்டாம். அந்தக் காசுக்கு முட்டை, மீன், பருப்பு வாங்குங்க. கஞ்சியை மட்டும் கொடுத்துப் பட்டினி போடாதீங்க. ஆர்த்தோ டாக்டர் சரின்னு சொன்ன அன்னைக்கே பிசியோதெரபி ஆரம்பிங்க. கிட்னி பிரச்சினை உள்ளவங்க மட்டும் புரத அளவைக் கேட்டுக்கோங்க.