பாம்பன் பாலம்: பழையதும் புதியதும்

ராமேஸ்வரம் தீவுக்கு ரயில் செல்ல வழிவகுத்த பழைய பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. அதற்கு மாற்றாகக் கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. ஒரு பெரிய பாலத்தை மாற்றும்போது பாதுகாப்பு, செலவு, தோற்றம், அரசியல் ஆகிய நான்கையும் ஒருசேர எடைபோட வேண்டியிருக்கிறது. பாம்பனில் அந்தக் கணக்கு எப்படிப் போடப்பட்டது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பழைய பாலம்

சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயிலிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் செல்லும் ‘போட் மெயில்’ பயணத்திற்காகவே ஆங்கிலேயர் இந்தப் பாலத்தைக் கட்டினர். பணி 1911-இல் தொடங்கியது. கடலில் 140-க்கும் மேற்பட்ட தூண்கள் மீது ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளத்திற்குப் பாலம் அமைந்தது. கப்பல்கள் செல்வதற்காக நடுவில் 225 அடி நீளமுள்ள ‘ஷெர்சர்’ தூக்குப் பகுதி வைக்கப்பட்டது. இரும்பாலான அதன் இரு பகுதிகளையும் ஊழியர்கள் கைவிசையால் இயக்கித் திறந்தார்கள்.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டது. பாலத்தின் பெரும்பாலான உத்தரங்கள் கடலில் விழுந்தன. தூண்களும் ஷெர்சர் பகுதியும் தாங்கி நின்றன. கடலில் விழுந்த உத்தரங்களில் பலவற்றை மீட்டெடுத்து, இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாட்களில் பாலத்தைச் சீரமைத்தது.

பழுது பார்ப்பதா, புதிதாகக் கட்டுவதா?

2007-இல் மீட்டர்கேஜ் பாதை அகலப்பாதையானபோதும் பழைய தூண்களே வலுப்படுத்தப்பட்டுப் பயன்படுத்தப்பட்டன. அப்போது அது சிக்கனமான முடிவு. ஆனால் உலகிலேயே உப்பரிப்பு மிகுந்த இடங்களில் பாம்பனும் ஒன்று. ரயில்கள் மணிக்கு 10 முதல் 15 கிலோமீட்டர் வேகத்தில்தான் பாலத்தைக் கடக்க முடிந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகி, ரயில் நிறுத்தப்பட்டது.

2022 டிசம்பரில் தூக்குப் பகுதியின் நிலை காரணமாகப் பாலத்தின் மீது ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதன்பின் இரண்டேகால் ஆண்டுகள் தீவுக்கு ரயில் இல்லை. பயணிகள் இறங்கி, 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலம் வழியாகப் பேருந்தில் சென்றனர். ரயில் இல்லாத காலம் எப்படிப்பட்டது என்று தேனி மாவட்டத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட மதுரை – போடி ரயில், தேனிக்கு 2022-லும் போடிக்கு 2023-லும்தான் திரும்பி வந்தது. இத்தகைய இழப்பு எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் செலவாக எழுதப்படுவதில்லை.

செலவும் பாதுகாப்பும்

புதிய பாலத்தின் தொடக்க மதிப்பீடு சுமார் 250 கோடி ரூபாய். முடிவில் செலவு 550 கோடியைத் தொட்டது. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி செங்குத்தாக 17 மீட்டர் உயரும். இதனால் அருகிலுள்ள சாலைப் பாலத்தின் அடியில் செல்லக்கூடிய கப்பல்கள் இதனடியிலும் செல்லலாம். துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் சிறப்பு வண்ணப்பூச்சும் அரிப்பைத் தடுக்கப் பயன்பட்டன. அடித்தளம் இரட்டைப் பாதைக்கு ஏற்றது. இப்போது இருப்பது ஒற்றைப் பாதை.

2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் பாலத்தில் மணிக்கு 75 கிலோமீட்டர், தூக்குப் பகுதியில் 50 கிலோமீட்டர் வேகத்திற்கு அனுமதி அளித்தார். அதே அறிக்கையில், ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பு வடிவமைப்பைச் சரிபார்க்கவில்லை என்பது உள்ளிட்ட குறைகளையும் சுட்டிக்காட்டினார். பன்னாட்டு ஆலோசகர் வடிவமைத்ததைச் சென்னை, மும்பை ஐ.ஐ.டி.கள் சரிபார்த்தன என்று ரயில்வே விளக்கம் அளித்தது. அதன் பிறகே பாலம் திறக்கப்பட்டது.

அரசியல்

புதிய பாலத்திற்குப் பிரதமர் நரேந்திர மோடி 2019 மார்ச் 1 அன்று கன்னியாகுமரியில் அடிக்கல் நாட்டினார். பத்தாவது நாள் மக்களவைத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. 2025-இல் ராம நவமி அன்று அவரே பாலத்தைத் திறந்து வைத்தார். அவ்விழாவில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் பங்கேற்கவில்லை. அடிக்கல்லுக்கும் திறப்புக்கும் நாள் குறிப்பதில் அரசியலுக்குப் பங்கு உண்டு. ஆனால் பழைய பாலம் ஓய்வுபெறும் நாளை உப்புக்காற்றே குறித்தது.

தோற்றம்

கப்பலுக்கு வழிவிட இரு கைகளைப்போல் மேலெழும் ஷெர்சர் பகுதிதான் பாம்பன் என்றதும் பலரின் நினைவுக்கு வரும் காட்சி. அந்த அழகு புதிய பாலத்தில் இல்லை என்போர் உண்டு. ஸ்காட்லாந்தில் 1879-இல் டே பாலம் புயலில் இடிந்து ரயிலோடு விழுந்தது. அதன் பாடத்தால் மிக வலுவாகக் கட்டப்பட்டு 1890-இல் திறக்கப்பட்ட ஃபோர்த் பாலத்தை அழகற்றது என்று அன்று சிலர் பழித்தனர். அது 2015-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. உறுதியே காலப்போக்கில் அழகாகத் தோன்றுவதும் உண்டு.

முடிவுரை

பழைய பாலத்தை அகற்றுவது என்றானபோது, ஷெர்சர் பகுதியையாவது நினைவுச் சின்னமாகக் காக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. அது நியாயமான கோரிக்கையே. எனினும் பாம்பன் தரும் முக்கியமான பாடம் வேறு. மாற்றுப் பாலம் தயாராகும் முன்பே பழைய பாலம் கைவிட்டுவிட்டது. பழுதுபார்த்துச் சேமித்த பணத்தின் ஒரு பகுதியை, ரயிலின்றிக் கழிந்த அந்த ஆண்டுகளில் தீவு மக்களும் யாத்திரிகர்களும் தங்கள் அலைச்சலாகச் செலுத்தினார்கள். பாலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மாற்றைத் தொடங்குவதே உண்மையான சிக்கனம்.