சார்னோக்கைட்டு

சார்னோக்கைட்டு என்பது புவி மேலோட்டின் அடிப்பகுதியில் மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாகும், கரும்பச்சை கலந்த சாம்பல் நிறப் பாறை ஆகும். குவார்ட்சு, பெல்சுபார், ஐப்பர்சுதீன் ஆகியவை இதன் முக்கியக் கனிமங்கள். சென்னையின் பரங்கிமலை, நீலகிரி, தேனி மாவட்டத்தில் அனுமந்தன்பட்டி அமைந்துள்ள கம்பம் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த மலைகள் ஆகியவற்றில் இப்பாறை காணப்படுகிறது.

பெயர்க்காரணம்

கிழக்கிந்தியக் கம்பனி அலுவலர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் கொல்கத்தா புனித யோவான் தேவாலய வளாகத்தில் உள்ளது. அக்கல்லை ஆராய்ந்த புவியியலாளர் தாமசு ஆலந்து, 1893இல் இப்பாறைக்கு அவர் பெயரைச் சூட்டினார்.

புவியின் அடுக்குகளும் கற்குழம்பும்

கண்டங்களின் மேலோடு சராசரியாக 35 கி.மீ. தடிமன் கொண்டது. அதன் கீழே சுமார் 2,900 கி.மீ. ஆழம் வரை கவசமும், 5,150 கி.மீ. வரை திரவ வெளிக்கருவமும், 6,371 கி.மீ. ஆழத்திலுள்ள மையம் வரை திண்ம உட்கருவமும் உள்ளன. கவசம் முழுவதும் கற்குழம்பால் ஆனது என்பது தவறான கருத்து. நிலநடுக்கத்தின் குறுக்கலைகள் திரவத்தில் பரவுவதில்லை. ஆனால் அவை கவசத்தின் ஊடே பரவுகின்றன. எனவே அது பெரும்பாலும் திண்மமே. அழுத்தம் குறையும் இடங்களிலும், நீர் சேரும் இடங்களிலும், வெப்பம் மிகும் இடங்களிலும் மட்டுமே பாறை உருகுகிறது.

தோற்றம்

நீர் குறைந்த கற்குழம்பு ஆழத்திலேயே மெல்ல உறைந்ததால் சில சார்னோக்கைட்டுகள் உருவாயின. வேறு சில, முன்பிருந்த பாறைகள் உருமாறியதால் தோன்றின. கோண்டுவானாப் பெருங்கண்டம் இணைந்த காலத்தில், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கம்பம் பகுதிப் பாறைகள் 900 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்துக்கு உள்ளாயின. பின்னர் நிலம் உயர்ந்து, மேலிருந்த பாறைகள் அரிக்கப்பட்டதால் அவை வெளிப்பட்டன. ஆகவே இம்மலைகள் எரிமலைகள் அல்ல. உருசியாவின் கோலா ஆழ்துளை 12,262 மீட்டரை எட்டியும் மேலோட்டைக் கடக்கவில்லை. மேலோட்டின் அடிப்பகுதியை அறிய இத்தகைய பாறைகளே நேரடிச் சான்றுகள்.

நியூட்ரினோ ஆய்வகத் திட்டம்

அண்டக் கதிர்களைத் தடுக்க, அடர்த்தியும் உறுதியும் மிக்க பாறை தேவை. அதனால் தேனி மாவட்டம் பொட்டிப்புரம் அருகேயுள்ள சார்னோக்கைட்டு மலையினுள் இந்திய நியூட்ரினோ ஆய்வகத்தை அமைக்க நடுவண் அரசு 2015 சனவரியில் ஒப்புதல் அளித்தது. நீராதாரமும் காடும் பாதிக்கப்படும் என்று கூறி உள்ளூர் மக்கள் எதிர்த்தனர். புலிகளின் வழித்தடத்தைக் காரணம் காட்டி, திட்டத்தை அனுமதிக்க இயலாது எனத் தமிழ்நாடு அரசு 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.