பாராமகாலும் இரண்டு கடற்கரைக் கோட்டைகளும்

1792 மார்ச் 18இல் முடிவான ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால், இன்றைய தருமபுரி மாவட்டத்தை உள்ளடக்கிய பாராமகால் மைசூர் மன்னர் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. ஆனால் அந்த உடன்படிக்கையில் முடிந்த போருக்கு வித்திட்ட வழக்கில் பாராமகாலின் பேச்சே கிடையாது. வழக்கு மேற்குக் கடற்கரையைப் பற்றியது. கொடுங்கல்லூர், ஆயக்கோட்டை என்னும் இரு கோட்டைகளை 1789இல் டச்சுக்காரர்களிடமிருந்து திருவிதாங்கூர் விலைக்கு வாங்கியிருந்தது.

வாங்கிய மன்னர் கார்த்திகைத் திருநாள் ராமவர்மா வடக்கு எல்லைக்குக் காப்புத் தேடினார். கொச்சி தமக்குத் திறை கட்டும் நாடு, கோட்டைகள் நிற்பது கொச்சி மண்ணில், தம்மைக் கேளாமல் நடந்த விற்பனை செல்லாது என்றார் திப்பு. பேசித் தீர்த்திருக்கக்கூடிய வழக்குதான். சென்னை கவர்னர் ஜான் ஹாலண்டுக்கே அந்த விற்பனையில் உடன்பாடு இல்லை. ஆனால் 1784ஆம் ஆண்டின் மங்களூர் உடன்படிக்கை திருவிதாங்கூரைக் கம்பெனியின் நட்பு நாடாகக் குறித்திருந்தது. 1789 டிசம்பர் 29இல் திப்புவின் படை திருவிதாங்கூரின் நெடுங்கோட்டை அரணைத் தாக்கியதும், கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் அந்த ஷரத்தைக் கையிலெடுத்தார். 1790 ஜூன், ஜூலையில் மராத்தியரும் நிஜாமும் அவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டனர். கோட்டைகள் சாக்கு என்றே எனக்குப் படுகிறது. 1780இல் பொள்ளிலூரில் மைசூர்ப் படையிடம் பட்ட அடியைக் கம்பெனி மறக்கவில்லை.

மைசூர் மேட்டுநிலத்திலிருந்து அன்று கர்நாடகம் எனப்பட்ட கிழக்குச் சமவெளிக்கு இறங்கும் கணவாய்கள் பாராமகாலை ஒட்டியே உள்ளன. யார் யாரோடு மோதினாலும் படை இங்கேதான் வந்து நின்றது. முதல் மைசூர்ப் போரிலேயே, 1768இல், தருமபுரியும் தென்கரைக்கோட்டையும் கம்பெனிப் படையிடம் விழுந்து பின்னர் மைசூருக்கே திரும்பின. 1790 நவம்பரில் கம்பெனித் தளபதி மாக்ஸ்வெல்லின் படை காவேரிப்பட்டணம் அருகே முகாமிட்டது. திப்பு அதை நோக்கி விரைய, அவரைத் துரத்தித் தெற்கிலிருந்து தொப்பூர்க் கணவாய் வழியாக ஏறி வந்தார் இன்னொரு கம்பெனித் தளபதி மெடோஸ். இரு படைகளும் சேர்ந்துகொண்டன. திப்புவோ அதே தொப்பூர்க் கணவாய் வழியாக அவர்களை முந்திக்கொண்டு இறங்கித் திருச்சிராப்பள்ளிப் பக்கம் போய்விட்டார். இன்று லாரி ஓட்டுநர்கள் அஞ்சும் அதே தொப்பூர்தான். 1791 அக்டோபர் இறுதியில் பென்னாகரம் கோட்டை மாக்ஸ்வெல்லிடம் வீழ்ந்தது. கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை மட்டும் அவரால் பிடிக்க முடியவில்லை.

இதற்கிடையே திப்பு புதுச்சேரி அருகே முகாமிட்டுப் பிரெஞ்சு உதவி கேட்டார். உதவிப் படை வரவில்லை. பிரான்ஸ் புரட்சியிலும் கடனிலும் மூழ்கியிருந்தது. 1790இல் வட அமெரிக்காவின் நூட்கா கரையில் பிடிபட்ட சில ஆங்கிலக் கப்பல்களுக்காகப் பிரிட்டனும் ஸ்பெயினும் போருக்கு ஆயத்தமாயின. அங்கும் ஸ்பெயினுக்குப் பிரான்ஸ் கைகொடுக்கவில்லை. அக்டோபரில் ஸ்பெயின் இறங்கிவந்தது.

பத்தாண்டு முன்பு நிலைமை வேறு. அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்ஸ் இறங்கியதால், 1779இல் கம்பெனி பிரெஞ்சுத் துறைமுகமான மாஹேயைப் பிடித்தது. அத்துறைமுகம் தம் பாதுகாப்பில் உள்ளது என்றிருந்த திப்புவின் தந்தை ஹைதர் அலி, 1780இல் பாராமகாலை ஒட்டிய செங்கம் கணவாய் வழியாகக் கர்நாடகத்தில் இறங்கினார். பிரெஞ்சுக் கடற்படையும் காலாட்படையும் வந்தன. 1783இல் ஐரோப்பிய சமாதானச் செய்தி எட்டியதும் கடலூரில் பிரெஞ்சுக்காரர்கள் போரை நிறுத்திக்கொண்டார்கள். மாஹே சிறு துறைமுகம், கொடுங்கல்லூர் சிறு கோட்டை. ஒன்றில் பிரான்ஸ் போரிட்டது, மற்றொன்றில் போரிடவில்லை என்றால், அந்த வேறுபாட்டுக்குக் காரணம் வழக்கின் அளவன்று. யார் யாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள், அந்த நேரத்தில் பாரிஸின் கஜானாவில் என்ன இருந்தது என்பவையே முடிவு செய்தன.

1792இல் திப்பு பாதி நாட்டையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்க ஒப்பி, இரு மகன்களைப் பிணையாக அனுப்பினார். பாராமகாலை நிர்வகிக்க அலெக்சாண்டர் ரீட் வந்தார். அவருடைய உதவியாளர்களில் ஒருவரான தாமஸ் மன்றோ 1799 வரை தருமபுரிப் பகுதியில் நிலத்தை அளந்து, குடியானவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையைப் பழகினார். 1820இல் சென்னை கவர்னரானபோது அதையே மாகாணத்தின் பொது முறையாக்கினார்.