கரு இதய வளர்ச்சியில் குருதியோட்டம்

முதுகெலும்பிகளின் கருவில் முதலில் வேலை தொடங்கும் உறுப்பு இதயம். மனிதக் கருவில் ஏறக்குறைய 22ஆம் நாளில் அது துடிக்கத் தொடங்கும்போது அறையோ வால்வோ இல்லாத ஒற்றைக் குழாய். எட்டாம் வாரம் முடிவதற்குள் குழாய் வளைந்து, நடுச்சுவர் எழுந்து, நான்கு அறைகளாகிவிடும். துடிப்பு நிற்காமலே நடக்கும் இக்கட்டுமானத்தில் உள்ளே ஓடும் குருதிக்கும் பங்குண்டு.

அடைமுட்டைகளை நாள்வாரியாக உடைத்துப் பார்த்த அரிஸ்டாட்டில், கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே, மூன்று நாள் கழிந்த கோழிமுட்டையில் துடிக்கும் செம்புள்ளியைக் குறித்துவைத்தார். அதுவே உயிரின் தொடக்கம் என்ற எண்ணம் வெகுகாலம் ஆண்டது. குருதிச் சுழற்சியை 1628இல் நிறுவிய வில்லியம் ஹார்வி, 1651இல் வெளியிட்ட கருவியல் நூலில் அதை மறுத்து, குருதியே முந்தியது, துடிக்கும் புள்ளி பிந்தியது என்றார். மஞ்சள்கருப் படலத்தில் இதயத் துடிப்புக்கு முன்பே குருதித் தீவுகள் தோன்றுவதால் அவர் கூற்றே நிலைத்தது எனலாம். 1918இல் சாப்மன் கோழிக்கருவின் இதயத்தை ஓட்டம் தொடங்குமுன் அகற்றினார். நுண்குழாய் வலை உருவாயிற்று, பெருங்குழாய்கள் உருவாகவில்லை. பின்னர் பிராக் நகரத்து ரிக்டர், கோழிக்கருவின் இடது மேலறையைக் கட்டிக் குருதிவரத்தைக் குறைத்தபோது இடது கீழறை சூம்பியது, வலது பருத்தது. வாய்க்காலில் நீர்வரத்தை அடைத்தால் கடைமடை வறள்வதுபோலத்தான். 2003இல் ஜீப்ரா மீன் கருவின் இதய வாயில் நுண்மணி வைத்து ஓட்டத்தைத் தடுத்தபோதும் வால்வுகள் உருவாகவில்லை.

குழாயின் உட்சுவர்ச் செல்கள் குருதியின் உரசலை உணர்ந்து, அதற்கேற்ப கேஎல்எஃப்2 போன்ற மரபணுக்களை இயக்குகின்றன. மரபணுக்களே இதயத்தைக் கட்டுகின்றன என்போர் உளர். அவை குழாயைத் தருகின்றன, அறைக்கு அளவு தருவதில் ஓட்டத்துக்கும் பங்குண்டு.

கருவில் நுரையீரல் வேலை செய்யாததால், குருதி மேலறைகளுக்கு இடையிலுள்ள துளை வழியாகவும் ஒரு குறுக்குத் தமனி வழியாகவும் அதைத் தவிர்த்துச் செல்கிறது. பிறந்தபின் இவ்விரண்டும் மூடிக்கொள்ளும். இதற்கு விலக்குப்போல் நிற்பது முதலை. அதன் இதயம் முழுமையான நான்கறை கொண்டது. ஆயினும் வலது கீழறையிலிருந்து ஒரு பெருந்தமனி கிளம்புகிறது. அதை மற்றப் பெருந்தமனியோடு இணைக்கும் துளையை 1833இல் இத்தாலியர் பனிட்சா விவரித்தார். நுரையீரலைத் தவிர்க்கும் வழி முதலைக்கு வாழ்நாள் முழுதும் உண்டு; நீரில் மூழ்கியிருக்கையில் அது பயன்படுவதாகக் கருதப்படுகிறது.

செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், இத்தகைய இதயம் கொண்ட முதலைகளை வளர்க்கும் வடநெம்மேலி முதலைப் பண்ணை உள்ளது. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் அதை 1976இல் தொடங்கினார். இங்கு சதுப்புநில முதலைகள் மணலில் குழி தோண்டி முட்டையிடுகின்றன. முட்டையிட்ட ஒரு நாளுக்குள் முதலைக்கரு முட்டையின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு முட்டையைப் புரட்டினால் கரு இறக்க நேரும். ஆகவே முட்டை சேகரிப்போர் மேற்புறத்தில் குறியிட்டு எடுப்பர். கோழி முட்டையைப் புரட்டியே ஆகவேண்டும் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தற்காலத்தில் மனிதக் கருவின் குருதியோட்டத்தை 18 முதல் 22 வாரங்களில் எக்கோ பரிசோதனையால் அறிகின்றனர். குறுகிய பெருந்தமனி வால்வைக் கருப்பையிலேயே பலூனால் விரிக்கும் சிகிச்சையும் சில இடங்களில் உண்டு.