பெற்றோருக்கு ஒரு சிறு கணினி

முதிய பெற்றோருக்கு மலிவான, மேசையை அடைக்காத கணினி ஒன்றை அமைத்துத்தர விரும்புவோர் அதன் வரலாற்றையும் அறிந்திருத்தல் நன்று.

1981ஆம் ஆண்டில் பிரிட்டனின் சின்கிளேர் நிறுவனம் இசட்.எக்ஸ்.81 என்னும் கணினியை வெளியிட்டது. பாகங்களாக வாங்கி, வீட்டிலேயே ஈயம் பற்றவைத்துப் பூட்டிக்கொண்டால் விலை 49.95 பவுன். விசைப்பலகைக்குள் கணினி அடங்கியிருந்தது. வீட்டுத் தொலைக்காட்சியே திரை. 2020இல் வந்த ராஸ்பெரி பை 400 கணினியின் அமைப்பும் அதுவே. வெளியானபோது அதன் விலை 70 அமெரிக்க டாலர். முன்னதன் நினைவகம் 1 கிலோபைட். பின்னதற்கோ 4 கிகாபைட்!

இவ்வளர்ச்சியில் நம் பினாங்கிற்கும் பங்குண்டு. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் நிறுவனத்தின் முதல் சில்லுப் பொருத்து ஆலை, தண்ணீர்மலைக்குத் தெற்கே பாயான் லெப்பாசில் 1972இல் அமைந்தது.

ஆயினும், சில்லும் பெட்டியும் மட்டும் போதுமா? தமிழ் மட்டுமே படித்த தாய்க்கு ஆங்கிலத் திரை பூட்டிய கதவன்றோ? அக்கதவைத் திறந்தோருள் ஒருவர் நம் மலேசியர். 1985இல் முத்து நெடுமாறன் அவர்கள் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கினார். 1991இல் யுனிகோடு தரத்திலும் தமிழ் இடம்பெற்றது.

ஆகவே அன்பர்களே, கணினியைப் பூட்டி முடித்ததும் தமிழ் விசைப்பலகையை நிறுவுங்கள்; எழுத்தைப் பெரிதாக்குங்கள்; முதல் வரியை அவர்களையே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். அப்போதுதான் அது அவர்களுடைய கணினியாகும்.