கணக்கில் செத்த விமானங்கள்

ராணுவ ஸ்டோர்ஸில் காலம் தள்ளியவன் நான். யுத்தக் கதை படித்தால் யார் ஜெயித்தார்கள் என்பதைவிட, முடிந்த பிறகு சாமான்களெல்லாம் எங்கே போயின என்றுதான் என் புத்தி தேடும். இண்டென்ட் வந்தால் பொருளை வெளியே அனுப்புவது சுலபம். திரும்பி வருவதுதான் பெரும்பாடு. உடைந்து வரும், பாதி பாகம் இல்லாமல் வரும், வவுச்சரே இல்லாமலும் வரும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்காது.

1945 ஆகஸ்டில் ஜப்பான் பணிந்தபோது உலகம் முழுக்க இந்தத் தலைவலி. அமெரிக்கர்களுக்கு முதல் கவலை ஆட்கள். யார் முன்னால் வீடு திரும்புவது என்று தீர்மானிக்க மதிப்பெண் வைத்திருந்தார்கள். பணியாற்றிய மாதத்துக்கு ஒன்று, அதில் வெளிநாட்டில் கழித்த மாதத்துக்குக் கூடுதலாக ஒன்று, பதக்கத்துக்கு ஐந்து, பிள்ளை ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதுவும் மூன்று பிள்ளை வரைதான். தொடக்கத்தில் 85 எடுத்தவர்களுக்கு முன்னுரிமை. விமானந்தாங்கிக் கப்பல்களில்கூடக் கட்டில் அடுக்கி ஆட்களை ஏற்றினார்கள். அப்படியும் தாமதம் பொறுக்காமல் 1946 ஜனவரியில் மணிலாவில் சிப்பாய்கள் ஊர்வலம் போனார்கள்.

ஆளுக்கே இடமில்லாத கப்பலில் லாரிக்கும் புல்டோசருக்கும் ஏது இடம்? பசிபிக்கில் எஸ்பிரிட்டு சாண்டோ தீவில், இன்றைய வனுவாட்டுவில், அவற்றைக் கரையிலிருந்து கடலுக்குள் தள்ளிவிட்டார்கள். அந்த இடத்துக்கு ‘மில்லியன் டாலர் முனை’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நம் நாட்டில் அப்படியொரு இடம் கான்பூர். பிரிட்டிஷ் விமானப்படை இங்கிருந்து பர்மா பக்கம் ஓட்டிய நான்கு இன்ஜின் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் அமெரிக்கா ‘லெண்ட் லீஸ்’ திட்டத்தில் கொடுத்தவை. போரில் அழிந்ததற்குக் காசு கேட்கமாட்டார்கள். பிழைத்ததைத் திருப்பித் தர வேண்டும், அல்லது விலை கொடுக்க வேண்டும், அல்லது இனி உதவாதபடி அழிக்க வேண்டும். பழைய விமானத்தைக் கடல் தாண்டி அனுப்புவது வீண் செலவு. விலை கொடுக்க, போரில் கடனாளியான பிரிட்டனிடம் பணமில்லை. மூன்றாவது வழிதான் மிச்சம். கான்பூரின் சகேரி தளத்தில் விமானங்களை வரிசையாக நிறுத்தி, கருவிகளை நொறுக்கி, இன்ஜின்களுக்குள் மணலைக் கொட்டிவிட்டுப் போனார்கள். லெட்ஜரில் கணக்கு நேரானது. எங்கள் பாஷையில் சொன்னால், ‘கண்டம்’ ஆகிவிட்டது, அதாவது உதவாதென்று கழிக்கப்பட்டது.

சுதந்திரத்துக்குப் பின் புதிய இந்திய விமானப்படையிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. அப்போதுதான் கான்பூர் குப்பை நினைவுக்கு வந்தது. பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்டின் ஆட்களுக்கு இது முற்றிலும் புதிய வேலை இல்லை. போர்க்காலத்தில் அந்தத் தொழிற்சாலையே அமெரிக்க விமானங்களைப் பழுதுபார்க்கும் கூடமாக இருந்தது. சகேரிக்குப் போய், ஒன்றின் உறுப்பை இன்னொன்றில் பொருத்தி, பறக்கும் அளவுக்கு மட்டும் தேற்றினார்கள். ஜம்ஷெட் முன்ஷி என்ற சோதனை விமானி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டிவந்தார். முழுப் பழுதுபார்ப்பு அங்கே நடந்தது. இப்படி நாற்பதுக்கும் மேல் தேறின. 1948 நவம்பரில் ஐந்தாம் ஸ்குவாட்ரன் அவற்றைக் கொண்டே தொடங்கப்பட்டது. பிறகு கடல் கண்காணிப்புக்கும் பயன்பட்டு, 1968 முடிவில்தான் ஓய்வு பெற்றன.

ஸ்டோர்கீப்பராக எனக்கு இதில் ஒரு தீர்ப்பு உண்டு. படை வாபஸ் ஆகும்போது முதலில் பலியாவது பொருளின் உண்மையான மதிப்பு. ஏற்றிச்செல்லும் கூலிக்கும் காகிதத்தில் எழுதிய விலைக்கும் நடுவே அது நசுங்கிப்போகிறது. கண்டம் என்று முத்திரை விழுந்தபின் யாரும் பக்கத்தில் போய்ப் பார்ப்பதில்லை. சகேரியில் பார்த்தார்கள், விமானங்கள் இருபது வருஷம் பறந்தன.

1974-ல் லிபரேட்டர் ஒன்றை பிரிட்டனின் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு இந்தியா பரிசாகக் கொடுத்தது. பிரிட்டிஷார் இங்கே அழித்துவிட்டதாகக் கணக்கு எழுதிய அதே ரக விமானம், பறந்தே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது.